போலி இளவரசனுக்குக் குடுமி வளர எவ்வளவு காலம்?

அரசகுல ஆள்மாறாட்டக் கதைகளை வாசிக்கும்போதெல்லாம் மனம் ஒரே இடத்தில் முரண்டு பிடிக்கிறது. இளவரசனைப் போலவே அச்சு அசலாக இன்னொருவன் இருக்கிறான். அந்தச் சாயல் ஒன்றை வைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். ராணியம்மா "மகனே" என்று கட்டிக்கொள்கிறாள், முறைப்பெண் கிறங்கிப்போகிறாள், கடைசி அத்தியாயத்தில் தோளில் இருக்க வேண்டிய மச்சம் இல்லாமல் போய் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. நடுவில் கிடக்கும் முந்நூறு பக்கத்தில் சமையற்காரி முதல் குதிரைக்காரன் வரை ஒருவரும் அவனிடம் ஒரு பழைய கதையைக்கூடக் கேட்பதில்லை. எழுதுகிறவர்கள் முகத்தைப் பெரிய தடையாக நினைத்து அதைத் தீர்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். புகைப்படம் இல்லாத காலத்தில் இளவரசனின் முகத்தைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆள்மாறாட்டத்தில் மிகச் சுலபமான பகுதி முகம். பல வேளைகளில் அது தேவையே இல்லை.

திருகோணமலைக்கு இந்த வகைக் கதை புதிதல்ல. 1891இல் இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை', பிறந்த உடனே பிரிந்துபோன அரசகுலத்து இரட்டைப் பிள்ளைகளின் ஐரோப்பியக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1895இல் சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யில் மதுரை, தஞ்சை நாயக்கர்களின் காதலை எழுதினார். இருவரும் இந்த ஊர்க்காரர். ஆனால் இருவரும் கதையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். காதலும் மர்மமும் கலந்த ஒரு போலி இளவரசன் கதையை இங்கேயே, கோட்டைக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் நடுவில் வைத்து எழுதினால் எப்படியிருக்கும், எங்கே சறுக்கும் என்று யோசித்துப் பார்த்தால், அந்தச் சாயல் விவகாரம் எவ்வளவு வெற்றுத் தந்திரம் என்பது தெரியவரும்.

பெட்டியில் வந்தவள், பூசகர் வேடத்தில் வந்தவர்கள்

ஆடகசவுந்தரி கதை எல்லோருக்கும் தெரியும். கடலில் மிதந்துவந்த பெட்டிக்குள் ஒரு பெண்குழந்தை. பிள்ளையில்லாத அரசன் எடுத்து வளர்க்கிறான். அவள் அரசியாகிறாள், கோணேசர் கோயில் திருப்பணிக்கு வந்த அரசன் குளக்கோட்டனைத் துரத்த ஆளனுப்புகிறாள், முடிவில் அவனையே மணக்கிறாள். பெட்டிக்குள் இருந்தவள் கலிங்க அரசனின் மகள் என்று கதைதான் சொல்கிறது. பெட்டியைத் திறந்தவர்களிடம் அதற்கு என்ன அத்தாட்சி இருந்திருக்கும்? அரசனுக்கு ஒரு வாரிசு வேண்டியிருந்தது, வாரிசு வந்துசேர்ந்தது. இந்த ஊரின் பழைய காதல் கதையே, நம்ப விரும்பியவர்கள் இருந்தால் அத்தாட்சி பின்னால் வரும் என்பதில்தான் தொடங்குகிறது.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைக் கொள்ளையிட்டதைப் பற்றி ஊர் சொல்லிவரும் கதையும் வேடக் கதைதான். 1620களில் ஒரு சித்திரைப் புத்தாண்டு நாள். சுவாமி ஊர்வலமாகப் பட்டணத்துக்குள் போயிருக்க, பூசகர் வேடமிட்ட படையாட்கள் மலைக்கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்பார்கள். அவர்களில் ஒருவராவது எந்தப் பூசகரின் சாயலிலும் இருந்திருக்கத் தேவையில்லை. ஆட்களை அடையாளம் காணக்கூடியவர்கள் எல்லாம் ஊர்வலத்தோடு கீழே போய்விட்ட நேரத்தைத் தெரிந்தெடுத்ததுதான் அங்கே சூழ்ச்சி. நாவலாசிரியர் தன் போலியை உள்ளே விடும் நாளைக் குறிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்த நாளில் யார் யார் ஊரில் இல்லை?

1817: அசல் துரைசாமியைத் தெரிந்தவர்கள் எங்கே?

இலங்கை வரலாற்றிலேயே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு போலி இளவரசன் இருக்கும்போது, கற்பனை நாடு ஒன்றை உருவாக்கி அதற்கு வாயில் நுழையாத பெயர் வைப்பது ஏன் என்று விளங்கவில்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, 1815 பெப்ரவரியில் பிடிபட்டான். 1816இல் அவனைக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். அவனுடைய நாயக்கர் குல உறவினரையும் தேடிப்பிடித்துக் கடல் கடத்தினார்கள். அடுத்த ஆண்டே ஊவாவில் ஒருவர் தோன்றி, தான் அரசனின் உறவினன் துரைசாமி என்றார். கதிர்காமக் கடவுளே தன்னைத் தெரிந்தெடுத்ததாகவும் சொன்னார். அவர் உண்மையில் வில்பாவ என்ற ஊரைச் சேர்ந்த, துறவைக் கைவிட்ட ஒரு பௌத்த பிக்கு. அவரைச் சுற்றித்தான் 1817–18 பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கப் போன கெப்பெட்டிபொல திசாவையே (திசாவை என்றால் மாகாண அதிபதி) மறுபக்கம் சேர்ந்துகொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அசல் துரைசாமியின் முகம் தெரிந்த உறவினர் அனைவரையும் நாட்டுக்கு வெளியே அனுப்பி, போலிக்கு மேடை அமைத்துக் கொடுத்தது ஆங்கிலேய நிர்வாகமே. இரண்டாவது, கெப்பெட்டிபொல கடைசி அரசன் காலத்திலேயே திசாவையாக இருந்தவர். அரண்மனை வாசல் தெரியாதவர் அல்லர். அவர் ஏமாந்துபோனாரா, தெரிந்துகொண்டே தலைவணங்கினாரா என்ற கேள்விக்குள் ஒரு முழு நாவல் ஒளிந்திருக்கிறது. பிறகு கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்லெ அந்த 'அரசனை' அம்பலப்படுத்தித் தொழுமரத்தில் மாட்டினார் என்பதும் பதிவில் உள்ளது. முகமூடியைக் கழற்றியது எதிரியல்ல, சொந்த அணி. உயிரோடு தப்பிய வில்பாவ பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்தார்.

எனவே நமது கற்பனை ஆளை 1817 கார்த்திகையில் திருகோணமலைக்குள் விடலாம். ஊவாவில் ஒரு துரைசாமி இருக்கும் செய்தி ஊருக்கு எட்டியிருக்கும். அதே வேளையில் கொட்டியாரப் பக்கத்து வன்னிமை (உள்ளூர்த் தலைவர்) வீடொன்றில் இன்னொருவன் வந்து நின்று, தானும் அதே குடும்பத்தவன் என்கிறான். கண்டிக்கும் திருகோணமலைக்கும் இடையே இன்றைய வீதிக் கணக்கில் சுமார் 180 கிலோமீற்றர். அன்று காட்டுப்பாதையில் கால்நடையாக நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்தாலும் ஒன்பது நாள், மாரிமழையில் அதற்கும் மேல். விசாரித்துவர ஆளனுப்பினால் போய்வர மூன்று கிழமை. அதுவும் போன இடத்தில் கிளர்ச்சி. கடல்வழியும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் வாடைக்கடல் கொந்தளிக்கும்போது நாகபட்டினத்துத் தோணியை எதிர்பார்க்க முடியாது. தை பிறந்து கடல் இறங்கும்வரை வேலூரிலிருந்து இந்த வீட்டுக்கு ஒரு சொல் வராது. நாவலின் கடிகாரம் அதுதான். ஏறத்தாழ இரண்டு மாதம்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவார்கள். தோணி வராது என்பதால் செய்தியே வராது என்று எழுதிவிடுவார்கள். திருகோணமலை உள்துறைமுகம் மாரியிலும் பெருங்கப்பல் ஒதுங்கும் இடம். கடற்படைக் கப்பல் வரும், அதில் அதிகாரிகளின் கடிதம் வரும். வன்னிமை வீட்டுக்கு வராத செய்தி கோட்டைக்கு வந்துவிடும். அப்படியானால் கோட்டையில் இருக்கும் ஒரு அதிகாரிக்கு, வந்தவன் போலி என்பது முதலிலேயே தெரிந்திருக்கலாம். அவர் ஏன் வாய் திறக்கவில்லை? ஊவாவில் இருப்பவனைப் பொய்யாக்க இன்னொரு துரைசாமி அவருக்கு உதவுவான் என்பதாலா? மர்மக் கதைக்கு நல்ல முடிச்சு இது. 'இவன் யார்' என்ற கேள்வி ஐம்பது பக்கத்தில் சலித்துப்போகும். 'இவன் யாரென்று யாருக்கெல்லாம் தெரியும்' என்பது கடைசிவரை இழுக்கும்.

தலைமயிர்க் கணக்கு

நமது ஆளும் துறவைக் கைவிட்ட பிக்கு என்றே வைத்துக்கொள்வோம். வரலாறு தந்த சாத்தியம், பாலி படித்தவன், ஓலை வாசிப்பான், கூட்டத்தை அடக்கிப் பேசுவான். அவனுக்கு முகம் பிரச்சினை இல்லை. தலைதான் பிரச்சினை. தலைமயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீற்றருக்குச் சற்று அதிகமாக வளரும், வருடத்துக்கு 15 சென்டிமீற்றர் வரை. பின்னால் முடிந்து கட்டக் குறைந்தது 30 சென்டிமீற்றராவது வேண்டும். அதாவது காவியைக் கழற்றி இரண்டு வருடம் ஆகாதவனுக்குக் குடுமி கிடையாது. நாயக்கர் வீட்டுப் பிள்ளை குடுமியில்லாமல் வந்து நின்றால் முதல் கேள்வி அங்கேயே எழும். தலைப்பாகை ஒன்றிரண்டு நாளுக்குத்தான் காப்பாற்றும். சனிக்கிழமை வந்தால் வீட்டுப் பெரியவர் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டி "தம்பி, தலை முழுகுங்கோ" என்பார். மறுக்க முடியாது.

இதற்கு ஊரே ஒரு வழி தருகிறது. கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. இராவணன் தாய்க்குக் கருமம் செய்த இடம் என்ற ஐதீகத்தால் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு மக்கள் அங்கே போவார்கள். போலி நேரே வன்னிமை வீட்டுக்கு வரக்கூடாது. முதலில் கன்னியாவுக்குப் போய், வேலூரில் தாய் இறந்துவிட்டாள் என்று சொல்லி, அங்கே தலையை மழித்து, முழுகி, ஈர வேட்டியோடு ஊருக்குள் நுழைய வேண்டும். மொட்டைக்குக் காரணம் கிடைத்தது, கண்ணீருக்கும் காரணம் கிடைத்தது. துக்க வீட்டுக்காரனிடம் யாரும் அதிகம் துருவிக் கேட்பதில்லை என்பது உபரி லாபம்.

ஆனால் இந்தத் திட்டத்திலேயே இரண்டு ஓட்டைகள் உண்டு. வருடக்கணக்காகக் குடுமி வைத்திருந்தவன் தலையை முதன்முதலாக மழித்தால் உச்சந்தோல் வெளிறியிருக்கும், நெற்றியின் நிறத்துக்கும் அதற்கும் கோடு கிழித்தது போல் வித்தியாசம் தெரியும். பல வருடம் மொட்டைத் தலையோடு வெயிலில் பிச்சைப்பாத்திரம் ஏந்தியவனுக்கு நெற்றியும் உச்சியும் ஒரே நிறம். ஒரு வருடமாக வளர்ந்த மயிர் அதை ஓரளவுக்குத்தான் மறைத்திருக்கும். கன்னியாவில் கத்தி பிடித்த நாவிதர் இதைப் பார்த்திருப்பார். நாவலின் முதல் சாட்சி அவர். இரண்டாவது ஓட்டை பெரியது. தாய் இறந்ததாகச் சொன்னது பொய். தையில் வரும் முதல் தோணி அந்தத் தாயின் கையெழுத்தோடு வரக்கூடும்.

காலைப் பற்றியும் ஒரு சொல். இளவரசன் என்றவுடன் சரிகைச் செருப்பு மாட்டிவிடுவது பழக்கம். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுப் பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கிடந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், காலணி அரசனுக்கு மட்டுமே உரிய உடை என்று எழுதியிருக்கிறார். பிற்கால அரசவையிலும் இந்த வழக்கத்தை மறக்கக்கூடாது. அரசனின் உறவினன் செருப்போடு வந்தால், அரசவை தெரிந்த ஒருவருக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். பித்தவெடிப்போடு வரும் போலிதான் இங்கே அசலுக்குக் கிட்ட நிற்பான்.

காலடி வைத்து ஆளைக் கண்டுபிடித்த வழக்கு ஒன்று பிரான்ஸில் நடந்தது. மார்த்தன் கேர் என்ற விவசாயியின் பெயரில் இன்னொருவன் வந்து அவன் மனைவியோடு மூன்று வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தினான். 1560 விசாரணையில் ஊர்ச் செருப்புத் தைப்பவர் சாட்சி சொன்னார்: பழைய மார்த்தனின் கால் 12 அளவு, இவனுடையது 9. எத்தனையோ உறவினர் முகத்தைப் பார்த்துக் குழம்பி நின்றபோது அளவு எடுத்த கை குழம்பவில்லை. இப்படிப்பட்ட தொழிலாளிகளை நாவலுக்குள் கொண்டுவந்தால் துப்பறிவாளரே வேண்டாம்.

அவளுக்கு எப்போது தெரிய வேண்டும்?

காதலை எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, அவளைக் கடைசிவரை ஏமாந்தவளாக வைத்திருப்பது. தினமும் பார்க்கிற, குரலைக் கேட்கிற, சோறு பரிமாறுகிற ஒருத்திக்குத் தெரியாதது பத்தாவது அத்தியாயத்தில் வரும் அதிகாரிக்குத் தெரிந்துவிடுகிறது என்றால் அவளை வாசகர் மதிக்க மாட்டார். மார்த்தன் கேர் வழக்கில் மனைவி பெர்த்ராந்துக்கு உண்மையில் தெரியாதா என்று இன்றுவரை கேட்கிறார்கள். வங்காளத்துப் பாவால் ஜமீன் வழக்கில் அது தலைகீழ். 1909இல் டார்ஜீலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாம் குமாரர் 1921இல் சந்நியாசியாகத் திரும்பிவந்தார் என்று சகோதரி ஏற்றுக்கொண்டாள், குடியானவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, 1946இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் ஏற்றுக்கொண்டது. மனைவி விபாவதி மட்டும் கடைசிவரை அவர் என் கணவரல்ல என்றே நின்றாள். தீர்ப்பு வந்த சில நாளில் அவர் இறந்தார். சட்டம் கொடுத்த அடையாளத்தை ஒருத்தி கொடுக்க மறுத்தாள். இந்த மறுப்பின் கனத்தில் பாதிகூட நமது மச்சக் கதைகளுக்கு இல்லை.

ஆகவே நாவலின் நடுப்பகுதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும். அவள் வன்னிமை வீட்டுப் பெண், ஏடும் எழுத்தாணியும் புழங்கும் வீடு. கோயில் கணக்கும் வயற்கணக்கும் ஓலையில் இருக்கும் வீடு. போலி தன்னோடு ஒரு அத்தாட்சி ஓலை கொண்டுவந்திருக்கிறான், வேலூரில் எழுதியது என்கிறான். ஆண்கள் அதிலுள்ள வாசகத்தை வாசிக்கிறார்கள். அவள் ஓலையைப் பார்க்கிறாள். தமிழ்நாட்டுக் கடிதம் பெரும்பாலும் பனையோலையில் வரும், அகலம் குறைவு, சற்று விறைப்பு. இது அதைவிட அகலமாக, வளைத்தால் வளைகிற தாளிப்பனை ஓலை. சிங்களப் பன்சலைகளில், அதாவது பௌத்த விகாரைகளில், பண எனும் அறவுரை ஓதும் நூல்களுக்குப் பதப்படுத்துவது. இதுமட்டுமென்றால் சந்தேகம்தான், தாளிப்பனை தென்னிந்தியாவிலும் உண்டு. எழுத்துக்கு மை ஏற்றிய விதம் அடுத்தது. நம்மவர் இலைச்சாற்றில் விளக்குக்கரியைக் குழைத்துப் பூசுவார்கள். பன்சலையில் கரியைப் பிசினெண்ணெயில் குழைப்பார்கள், தும்மல எண்ணெய் என்பார்கள். அந்த மணம் ஓலையை விட்டு இலேசில் போகாது. அவள் ஓலையை மூக்கருகே கொண்டுபோகிறாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கட்டிவைக்கிறாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவனைப் பார்க்கிறாள். பொழுது சாய்ந்தபின் சோற்றில் கைவைக்க அவன் ஒரு கணம் தயங்குவது அதுவரை துக்கம் என்று பட்டது. மதியத்துக்குப் பின் உண்ணாத விரதத்தில் வளர்ந்த உடம்பு அது என்று இப்போது புரிகிறது. இந்தக் காட்சியில் வசனம் தேவையில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்ற கேள்வி போதும். கேட்பவளுக்கும் கேட்கப்படுபவனுக்கும் அது ஒரே அர்த்தம் தரக்கூடாது.

பிறகு தை. தோணி வருகிறது. தாயின் கடிதம் வருகிறது. ஆண்கள் வயலில் நிற்கும் நேரத்தில் கடிதம் அவள் கைக்கு வர வேண்டும். காதல் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி. முன்னால் நடந்த பார்வைகளும் சிரிப்புகளும் இளவரசனோடு நடந்தவை. கடிதத்தை அவள் மறைத்தால் அது பெயரில்லாத ஒரு மனிதனுக்காக, அவன் கேட்காமலே செய்தது. மறைத்த விடயத்தை அவனிடம் சொல்வாளா, சொல்லாமல் அவன் வாயிலிருந்து வரக் காத்திருப்பாளா என்பது இரண்டாம் பாதியின் சூடு. எழுதுபவர் அவசரப்பட்டு இங்கே அணைப்பும் கண்ணீரும் வைத்துவிட்டால் மர்மமும் போகும், காதலும் போகும். கடிதத்தை அவள் அழிக்கவும் கூடாது. ஒளித்துவைத்த பொருள் இருக்கும்வரைதான் அதைக் கண்டெடுக்க ஒருவர் வருவார். அடுக்கிவைத்த கணக்கேடுகளுக்குள் அதையும் ஒன்றாகக் கட்டிவைத்தால் போதும், ஓலைக்கு ஓலைதான் நல்ல மறைவு.

முடிவு எப்படி என்று கேட்டால், அசல் இளவரசன் கட்டைக்காலோடு நீதிமன்றத்துக்குள் வந்து நிற்கும் முடிவை விட்டுவிடலாம். அது மார்த்தன் கேர் வழக்கில் நிஜமாகவே நடந்தது, அதற்குப்பின் யார் எழுதினாலும் இரவல். 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை போனது, கிளர்ச்சி அடங்கியது. அதோடு கோட்டைக்கும் போலி தேவையில்லை, கண்டிப் பிரதானிகளுக்கும் தேவையில்லை. அவனை அம்பலப்படுத்தவே ஒருவருக்கும் அக்கறையில்லாமல் போவது தூக்குமேடையைவிடச் சங்கடமான நிலை. அவன் அந்த வீட்டில் இளவரசனாகவே மாட்டிக்கொள்கிறான். பெரியவர் நாள் பார்க்கச் சொல்கிறார். மாப்பிள்ளை பக்கத்தில் முறைக்கு நிற்க ஒரு தாய்மாமன் வேண்டும். உறவினர் எல்லோரும் வேலூரில் என்ற பழைய பதில் இனிச் செல்லாது, அடுத்த தையும் பிறந்து கடல் இறங்கிவிட்டது, தோணி ஓடுகிறது. ஒரு போலிக்கு இன்னொரு போலியைத் தேடும் அந்த வேலையை அவளே ஏற்றுக்கொண்டு, முதல் ஆளாகக் கன்னியா நாவிதரைக் கூப்பிட்டனுப்புகிறாள் என்றால், அதற்குமேல் எழுத எனக்கு ஆட்சேபனையில்லை.